37-ஆம் ஸ்லாட்

நினைவகம் கெட்டால் அதில் குப்பைதான் இருக்கும் என்று பல வருடம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் மூன்று வாரம் வீணானது.

சிறிய கருவிகளுக்கான ஒரு கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஸ்வாப், அதாவது நினைவகம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்கும் பகுதி, எங்கள் குழுவின் பொறுப்பு. அதில் ஸ்வாப் என்பது டிஸ்க்குக்குப் போவதில்லை. பயன்படாமல் கிடக்கும் பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சம அளவுத் துண்டுகளை, சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைப்போம். நினைவக நெருக்கடியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓடினால் ஏதோ ஒரு செயலியின் தரவு பிசகுகிறது என்று புகார் வந்தது. ரேம் சிப்பைச் சந்தேகித்தோம், மாற்றிப் பார்த்தோம். சுருக்கும் நிரலைச் சந்தேகித்தோம், சுருக்காமலே வைத்துப் பார்த்தோம். பிழை போகவில்லை.

கடைசியில் ஒரு எளிய சோதனை நிரல் எழுதினேன். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) ஒவ்வொரு 4096 பைட் பக்கத்தையும் ஒரு சுற்று எண்ணால் நிரப்பும், அடுத்த சுற்றில் எண்ணை ஒன்று கூட்டி மறுபடி நிரப்பும். இன்னொரு த்ரெட் அதே பக்கங்களைப் படிக்க மட்டும் செய்யும். இரண்டாம் நாள் காலையில் நிரல் நின்றிருந்தது. 19 இருக்க வேண்டிய பக்கத்தில் 18. அதுவும் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை 18. ஒரு பைட் கூடக் கலையவில்லை. அந்தப் பக்கம் கெடவில்லை, காலத்தில் ஒரு படி பின்னால் போயிருந்தது. சிப்பையும் சுருக்கத்தையும் அந்த நிமிடமே கைவிட்டேன். பழைய நகல் ஒன்று எங்கோ உயிரோடு இருந்து, புதியதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். நினைவகத்தில் இல்லாத பக்கத்தை ஒரு த்ரெட் தொட்டால் எழுவது ஃபால்ட். அதைக் கையாளும் பாதை முழுக்க, நடப்பதைச் சொல்லும் பதிவு வரிகளை அச்சிட வைத்தேன். பிழை மறைந்துவிட்டது. அச்சிடுவதற்குத் தானே ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) உண்டு, அது த்ரெட்களை வரிசையில் நிறுத்திவிடுகிறது. ஆகவே அச்சை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ப்ராசஸர் கோருக்கும் தனி வளைய பஃபர் (நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும் சிறு இடம்) ஒதுக்கி, நேரத்தையும் ஸ்லாட் எண்ணையும் (ஸ்வாப்பில் பக்கம் வைக்கப்படும் இடத்தின் எண்) மட்டும் அதில் எழுத வைத்தேன். நிரல் நின்றதும் எல்லா பஃபரையும் நேர வரிசையில் கோத்துப் படித்தேன்.

ஒரு பக்கம் ஸ்வாப்புக்குப் போனதும், பேஜ் டேபிளில் (எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) அதன் முகவரி இருந்த இடத்தில் ஸ்லாட் எண் எழுதப்படும். எங்கள் பக்கத்துக்கு அது 37. படிக்கும் த்ரெட் அதைத் தொட்டது, ஃபால்ட். 37-ஐப் பார்த்து, புதிய பக்கம் ஒன்றில் 18-ஐ விரித்துக்கொண்டது. பேஜ் டேபிள் லாக்கை எடுக்கும் முன் கோர் அதன் கையை விட்டுப் போனது. அந்த இடைவெளியில் எழுதும் த்ரெட்டும் அதே இடத்தைத் தொட்டது. அது தனக்கென்று வேறொரு பக்கத்தில் 18-ஐ விரித்து, பேஜ் டேபிளில் பொருத்தி, 37-ஐ விடுவித்து, 19 எழுதி முடித்தது. நெருக்கடி அதிகம் என்பதால் அந்தப் பக்கம் உடனே வெளியேற்றப்பட்டது. ஸ்லாட் ஒதுக்கும் நிரல் அதற்குக் கொடுத்தது, சற்றுமுன் காலியான அதே 37.

இப்போது முதல் த்ரெட் கண் விழிக்கிறது. லாக்கை எடுக்கிறது. பேஜ் டேபிளில் தான் முதலில் பார்த்த மதிப்பே இருக்கிறதா என்று கேட்கிறது. 37. இருக்கிறது. 18-ஐப் பொருத்துகிறது, 37-ஐ விடுவிக்கிறது. 19 போயே போய்விட்டது.

அந்தப் பதிவைப் படித்து முடித்ததும் நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். லாக் சரி. லாக்குக்குள் செய்த சரிபார்ப்பும் இருந்தது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு கேட்டது ‘மதிப்பு அதேதானா’ என்று. கேட்டிருக்க வேண்டியது ‘இடையில் ஏதாவது நடந்ததா’ என்று. இவை இரண்டும் ஒரே கேள்வி என்று நினைத்து எழுதப்பட்ட வரி அது. ஏ என்ற மதிப்பு பி ஆகி மறுபடி ஏ ஆவதால், இதற்கு ஏபிஏ சிக்கல் என்றே பெயர் உண்டு. எனக்கும் தெரியும், பிறருக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். ஆனாலும் லாக் இல்லாமலே இயங்கும் லாக்-ஃப்ரீ பட்டியல்களில்தான் அதைத் தேடியிருந்தேனே ஒழிய, பேஜ் டேபிளில் தேடத் தோன்றவில்லை.

இந்த ஓட்டை முன்பு இல்லை. ஸ்வாப்பிலிருந்து வரும் பக்கங்களைப் பதிந்து வைக்கும் ஸ்வாப் கேஷ் வழியாகப் போனபோது ஒரு ஸ்லாட்டுக்கு ஒரே பக்கம்தான் இருக்க முடியும். இரண்டாவதாக வரும் த்ரெட் அதே பக்கத்தின் லாக்கில் காத்திருக்கும். ரேமிலிருந்தே படிக்கிறோம், கேஷ் எதற்கு என்று வேகத்துக்காக அதைத் தவிர்த்தபோது, அது சத்தமில்லாமல் செய்துவந்த காவல் வேலையும் சேர்ந்து போயிற்று. லினக்ஸ் கெர்னலிலும் இதே குறுக்கு வழி 2017-இல் சேர்க்கப்பட்டு, இதே ரேஸ் (த்ரெட்கள் ஒன்றை ஒன்று முந்துவதால் வரும் பிழை) 2024-இல்தான் அடைக்கப்பட்டது.

ஊகத்தை நிரூபிக்க ஜன்னலை அகலமாக்கினோம். விரித்து முடித்த இடத்துக்கும் லாக் எடுக்கும் இடத்துக்கும் நடுவே சில மில்லி விநாடி தூக்கம். கூடவே, கடைசியாகக் காலியான ஸ்லாட்டையே முதலில் கொடு என்று ஒதுக்கும் விதியை மாற்றினோம். இரண்டு நாள் எடுத்த பிழை இப்போது சில நொடியில் வந்தது. எனக்கு இந்தப் பணியில் மிகப் பிடித்த தருணம் இதுதான், திருத்தம் கூட இல்லை.

திருத்தத்தில் முதலில் சறுக்கினேன். லாக்குக்குள் ஸ்லாட்டின் பயன்பாட்டு எண்ணிக்கையையும் சரிபார்த்தேன். உடன் வேலை செய்பவர் பார்த்துவிட்டு, “அதுவும் முன்பு 1, இப்போதும் 1தானே?” என்றார். உண்மைதான், அதே தவறை வேறு இடத்தில் எழுதியிருந்தேன். பிறகு, படிக்கத் தொடங்கும் முன்பே ஸ்லாட்டில் ‘படிக்கப்படுகிறது’ என்று குறியிட்டு, பக்கத்தைப் பொருத்தும் வரை அதை விடாமல் பிடித்துக்கொண்டோம். குறியைப் பார்க்கும் இரண்டாவது த்ரெட் திரும்பிப் போய் மறுபடி ஃபால்ட் ஆகும்.

அதிலும் ஒரு வினை வந்தது. முன்னுரிமை அதிகமான த்ரெட் திரும்பத் திரும்ப ஃபால்ட் ஆகி கோரை விடாமல் பிடித்துக்கொள்ள, குறியிட்ட த்ரெட்டுக்கு ஓட வாய்ப்பே கிடைக்கவில்லை. குறியைப் பார்த்துத் திரும்பும் த்ரெட்டைக் காத்திருப்பு வரிசையில் தூங்க வைத்து, குறி நீங்கியதும் எழுப்பும்படி மாற்றினோம். அந்தச் சில மில்லி விநாடித் தூக்கத்தையும் ஸ்லாட் விதியையும் சோதனை பில்டில் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். ஸ்வாப் பகுதியில் யார் ஒரு வரி மாற்றினாலும் அந்த பில்ட் இரவு முழுக்க ஓடும். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.