வேலூர்க் கோட்டைப் பூங்காவில் கூத்து நடத்த அனுமதி வாங்கிய அனுபவம்

கோட்டைப் பூங்காவில் நிகழ்ச்சி நடத்த அனுமதி தருவார்களா என்று பல பேர் கேட்கிறார்கள். தருவார்கள். ஜூலை 10, வேலூர் சிப்பாய்ப் புரட்சி நாளன்று, அகழிக்கு வெளியே தொல்லியல் துறை பராமரிக்கும் புல்வெளியில் எங்கள் வாசிப்பு வட்டம் அந்தப் புரட்சிக் கதையைத் தெருக்கூத்தாக நடத்தியது. எழுத்துமூலம் அனுமதி வாங்கித்தான் நடத்தினோம். யாரைப் பார்க்க வேண்டும், மனுவில் என்ன எழுத வேண்டும், எங்கே இழுத்தடிக்கும் என்று விவரமாகச் சொல்லிவிட்டால், இந்தப் பக்கத்துக் கூத்துக் குழுக்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயன்படும்.

ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் இந்தக் கதை நடந்த இடம் கண்ணெதிரே இருக்கிறது. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டு, நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி என்று உத்தரவு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தை எதிர்த்து 1806இல் சிப்பாய்கள் எழுந்தது இந்த மதிலுக்குள்தான். கோட்டையில் திப்பு சுல்தானின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டான். பிறகு சென்னை ஆளுநர் பென்டிங்க்கையும் தளபதி கிரடாக்கையும் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது. இவ்வளவும் நடந்த மதிலைப் பார்த்தபடி உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளைக்கு, பாடப்புத்தகத்தின் நாலு வரி வேறு மாதிரி புரியும். அதற்காகத்தான் இடத்தை மாற்றக் கூடாது என்று நின்றோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நிலம் யார் கையில் இருக்கிறது என்பது. நம் ஊரில் எதற்கும் கலெக்டர் ஆபீஸ் என்று கிளம்பிவிடுகிறோம். சத்துவாச்சாரியில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுத்தால், அது பொருந்தும் துறைக்குத்தான் அனுப்பப்படும். கோட்டை மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்துக்கு உட்பட்டது. அந்த வட்ட அலுவலகம் சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. அதே வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் மாநில அரசுடையது. கோட்டைக்கு வெளியே சாலையும் நடைபாதையும் வேறு கையில். ஆகவே நீங்கள் நினைத்திருக்கும் புல்வெளி எந்தத் துறையின் எல்லைக்குள் வருகிறது என்பதை அங்கேயே பணியில் இருக்கும் பராமரிப்பு அலுவலரிடம் நேரில் கேட்டு உறுதி செய்த பிறகே மனு எழுத உட்காருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் கையில் இருக்கட்டும். 1958ஆம் ஆண்டுப் பழமையான நினைவுச் சின்னங்கள் சட்டத்தின் கீழ் 1959இல் விதிகள் வந்தன. அதில் 7ஆவது விதிதான் நமக்கு முக்கியம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் கூட்டம், வரவேற்பு, விருந்து, மாநாடு, கலை நிகழ்ச்சி எதையும் மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நடத்தக் கூடாது என்கிறது அது. வழிவழியாக வந்த சமய வழக்கப்படி நடப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. “கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் உற்சவம் நடக்கிறதே, எங்களுக்கு ஏன் இல்லை” என்று வாதாடுவதில் பயன் இல்லாதது இதனால்தான். அடுத்த விதியில், அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் சமைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது, விளம்பரம் வைக்கக் கூடாது. வாகனம் உள்ளே வரக் கூடாது என்று வரிசையாக இருக்கிறது. இதைப் படித்த கையோடு எங்கள் திட்டத்திலிருந்து டீக்கடையையும், உதவி செய்ய முன்வந்த கடைக்காரரின் பேனரையும் எடுத்துவிட்டோம். அவர் வருத்தப்படவில்லை. “பேரு எதுக்குங்க, பிள்ளைங்களுக்கு தண்ணி கேன் நான் குடுக்கறேன்” என்றார். கேன்கள் பூங்காவின் வாசலுக்கு வெளியே நின்றன.

மனுவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான மனுக்கள் “எங்கள் அமைப்பின் சார்பில் விழா நடத்த அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதைப் படிக்கும் அதிகாரிக்கு ‘ஆகட்டும்’ என்று எழுத ஒரு பிடியும் கிடைக்காது. அவருக்கு இருக்கும் கவலையெல்லாம் நிலத்துக்கும் கல்லுக்கும் செடிக்கும் என்ன ஆகும் என்பதுதான். அதற்கு நீங்களே பதில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் எழுதியது இப்படி: எத்தனை பேர் ஆடுவார்கள், எத்தனை பேர் பார்ப்பார்கள், மேடை கிடையாது, தரையில் ஜமுக்காளம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், டிக்கெட் இல்லை, வசூல் இல்லை, கட்சிக் கொடி, பேனர் இல்லை, குப்பையை யார் அள்ளுவார்கள், சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு. இதோடு கையால் வரைந்த ஒரு படம். மரங்கள், நடைபாதை, அகழிக் கைப்பிடிச் சுவர், கூத்துக் களம், பார்வையாளர் உட்காரும் பக்கம், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் எல்லாம் அதில் குறித்திருந்தோம். வரைந்தது பிளஸ் டூ படிக்கும் பெண். பிறகு நடந்த ஒவ்வொரு பேச்சிலும் அந்தப் படத்தைத்தான் மேஜையில் விரித்தார்கள். கதைச்சுருக்கம் ஒரு பக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணைத்தோம். சென்னை தாண்டி டெல்லி வரை கோப்பு போகக்கூடும் என்பதால் ஆங்கிலப் பிரதி கட்டாயம் வேண்டும்.

மனு போன பிறகு இடத்தைப் பார்க்க வந்தார்கள். அன்று நடந்ததை மறக்க முடியாது. பந்தலுக்கு நாலு கம்பம் நடலாமா என்று கேட்டோம். வந்திருந்த அலுவலர் குனிந்து புல்லை விரலால் விலக்கிக் காட்டினார். கீழே தண்ணீர் தெளிப்பான் குழாய் ஓடியது, சுண்டுவிரல் ஆழம்கூட இல்லை. “இது குழாய், உடைஞ்சா மாத்திக்கலாம். இதுக்குக் கீழ பழைய கட்டுமானம் இருந்தா அதை யாரும் மாத்த முடியாது சார். கடப்பாரை இங்க மண்ணுல இறங்கவே கூடாது” என்றார். முளை அடிக்கவும் கூடாது. மரத்தில் கயிறு கட்டக் கூடாது. அகழிச் சுவரில் யாரும் உட்காரவோ சாயவோ கூடாது. கேட்க ரொம்பக் கறாராக இருந்தாலும், 16ஆம் நூற்றாண்டில் கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பிய மதில் இவ்வளவு காலம் நிற்பது இப்படி ஒவ்வொருவரும் மறுத்ததால்தான் என்று எனக்குப் பட்டது. கடைசியில் பந்தலே வேண்டாம் என்று முடிவு செய்தோம். கூத்தின் திரையைப் பிடிக்க எப்போதும் இரண்டு ஆள் உண்டு, கம்பம் எதற்கு?

நேரம்தான் பெரிய சிக்கல். கூத்து என்றால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து விடியும்வரை பார்ப்பது. நினைவுச் சின்னங்கள் சூரியன் மறைந்தால் மூடப்படும். இரவு அனுமதிக்குத் தனியாக, மேலிடம் வரை போக வேண்டும். கூத்து வாத்தியாரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், சாயங்காலம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறுக்குள் முடிக்க வேண்டும், தீவட்டியும் கூடாது என்று.

“பகல்ல அரிதாரம் உருகிடும் தம்பி” என்றார் முதலில். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றபடி இருந்தார். “சரி. கட்டியங்காரன் பாட்ட பாதியா குறைச்சிக்கலாம். ஆனா களரி கட்டறதையும் திரை விருத்தத்தையும் தொட மாட்டேன். அது இல்லாட்டி அது கூத்தே இல்ல.” கட்டியங்காரன் என்றால் கதையை நடத்திச் செல்லும் கோமாளி. களரி கட்டுவது, ஆட்டத்துக்கு முன் வாத்தியங்கள் முழங்கும் தொடக்கம். திரை விருத்தம், வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும் பாட்டு.

பாரதக் கூத்தில் ஊறிய மனிதர். சிப்பாய் வேஷத்துக்குக் கூத்தின் மர அணிகளான கட்டை கட்டுவதா, தலைப்பாகை வைப்பதா என்று குழுவுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கதையே தலைப்பாகையில் இருப்பதால் சிப்பாய்களுக்குத் தலைப்பாகை, கில்லெஸ்பிக்குக் கட்டை, கிரீடம், புஜக்கட்டு எல்லாம் என்று தீர்ப்புச் சொன்னவர் வாத்தியார்தான். எதிரியைச் சிறியவனாகக் காட்டினால் மோதியவனும் சிறியவனாகிவிடுவான் என்பது அவர் கணக்கு.

காவல்துறை அனுமதி தனி. தொல்லியல் துறைக்குக் கொடுத்த மனுவின் நகலை வைத்தே அங்கும் மனு போடலாம்; ஒன்று முடியட்டும் என்று மற்றதற்குக் காத்திருக்க வேண்டாம். ஜூலை 10 காலையில் மக்கான் பகுதியில் உள்ள நினைவுத் தூணுக்கு மாவட்ட நிர்வாகம் மலர்வளையம் வைக்கும், கூட்டம் இருக்கும். அதனால் எங்களை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்களுக்கும் அதுவே வசதி. ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் பொதுவாக வைக்க முடியாது, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். கூத்துக்காரர்களின் குரலுக்கு மைக் தேவையில்லை என்று அதைக் கேட்காமலே விட்டோம். மைக் இல்லை என்றதும் ஸ்டேஷனில் பேச்சே இலகுவாகிவிட்டது. ஜெனரேட்டரும் தீயும் இல்லாததால் தீயணைப்புத் துறைக்கு ஒரு தகவல் கடிதம் மட்டும் கொடுத்தோம்.

கோப்பு நின்றது வேறு ஒரு இடத்தில். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு மேஜையில் எங்கள் மனு வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தது. கேட்டால் “மேல போயிருக்கு”, மேலே கேட்டால் “கீழ இருந்து வரல”. பெறுதல் எண் போட்டு முத்திரை வைத்த நகல் எங்களிடம் இருந்தது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பின் நிலையை மட்டும் கேட்டு ஒரு சின்ன நினைவூட்டல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த வாரமே கோப்பு நகர்ந்தது. மனுவை நேரில் கொடுத்தால் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். சித்திரை வெயிலில் அலைந்து களைத்துப்போய் ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று தோன்றும். வாங்கிவிடுங்கள்.

இதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. நிபந்தனைகள் கடுமையாக இருப்பதில் தவறில்லை, இன்னும் கடுமையாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஊர் மக்கள் தங்கள் ஊரின் வரலாற்றை, காசு வாங்காமல், அது நடந்த இடத்திலேயே சொல்வதற்கும், ஒரு கம்பெனி தன் பொருளை விளம்பரம் செய்யப் படப்பிடிப்பு நடத்துவதற்கும் அலைச்சல் ஒன்றாக இருக்கக் கூடாது. கல்வி நிகழ்ச்சிகளுக்கு எளிய தனிப் படிவம் ஒன்று, தமிழில், மூன்று துறைகளும் ஒரே இடத்தில் பார்க்கும்படி இருந்தால் ஆண்டு முழுக்க இந்தக் கோட்டையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து கதை கேட்பார்கள்.

அனுமதி ஆணையில் நிபந்தனைகள் எண் போட்டு வந்தன. முன்பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள், உறுதிமொழிக் கடிதம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழில் பெரிதாக எழுதி, எது யார் பொறுப்பு என்று பெயர் போட்டு, எல்லோர் போனுக்கும் அனுப்பினோம்.

அன்று ஆட்டம் நன்றாக நடந்தது. முகவீணைக் குழல் ஒலித்ததும் அண்ணா சாலைப் பக்கம் நடந்துபோனவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தரைக்கு மேல் வானம் கறுத்தது. ஆடி பிறக்கும் முன்பே வேலூரில் சாயங்கால மழை வரும் என்பது தெரிந்ததுதான். வாத்தியார் மங்களத்தைக் கொஞ்சம் வேகமாகப் பாடி முடித்தார். தூறலிலேயே பிள்ளைகள் வரிசையாக நின்று புல்லைத் தேடினார்கள். சலங்கையிலிருந்து உதிர்ந்த மணிகள், ஜிகினாத் துண்டு, இரண்டு தண்ணீர் மூடி. அலுவலர் மறுநாள் காலையில் வந்து பார்த்துவிட்டுச் சேதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் முன்பணம் திரும்பக் கிடைத்தது, அடுத்த ஆண்டு மனுவிலும் அதன் நகலை முதல் இணைப்பாக வைத்திருக்கிறோம். இந்த முறை அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம், கட்டியங்காரனுக்காக.