லேனா ஆற்றோடு வடக்கே

ரஷ்யாவின் சைபீரியாவில் ஓடும் லேனாவைக் காணப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் ஆறு என்பது. எந்த மாதம் போவது, எங்கே படகு கிடைக்கும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன.

பைக்கால் ஏரிக்கு மிக அருகில், அதன் மேற்கு மலைகளில் ஆறு பிறக்கிறது. ஆனாலும் ஏரியில் சேராமல் விலகி, சுமார் 4,300 கிலோமீட்டர் ஓடி லாப்தேவ் கடலில் கலக்கிறது. பெரிய கப்பல்கள் உஸ்த்-கூத் துறைமுகத்திலிருந்துதான் புறப்படுகின்றன. ரயிலில் வருபவர்கள் 'லேனா' நிலையத்துக்குச் சீட்டு எடுங்கள். படகுத்துறை அதன் அருகில்தான். உஸ்த்-கூத் என்ற பெயரில் வேறொரு நிலையம் இருப்பதால் கவனம் தேவை. கீரென்ஸ்கில் கிரெங்கா ஆறும் பிறகு வித்தீம் ஆறும் வந்து சேரும்வரை நீர் ஆழம் குறைவு. கோடையின் பிற்பகுதியில் நீர்மட்டம் இறங்கினால் படகுகள் தாமதமாகும், நின்றும் போகும். கையில் சில உபரி நாட்கள் இல்லாமல் இந்தப் பகுதிக்கு வராதீர்கள்.

மே மாதம் அழகானது, ஆபத்தானதும்கூட. தெற்கே பனி உருகி வெள்ளம் கிளம்பும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். உடைந்து வரும் பனிப்பாளங்கள் வளைவுகளிலும் தீவுகளிடையிலும் சிக்கி அணைபோல அடைத்துக்கொள்ள, பின்னால் நீர் மளமளவென ஏறும். அடியில் ஆண்டு முழுதும் உருகாத நிரந்தர உறைமண் இருப்பதால் நிலமும் நீரை உறிஞ்சாது. 2001 மே மாதம் லென்ஸ்க் நகரம் இப்படித்தான் மூழ்கியது. அடைப்பை உடைக்க விமானங்களிலிருந்து குண்டு போட்டார்கள்.

யாகுத்ஸ்க் நகரம் இடது கரையில் இருக்கிறது. ரயிலும் தெற்கிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் வலது கரையில் நீஸ்னி பெஸ்த்யாகோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஆற்றைக் கடக்கக் கோடையில் பாரப்படகு, கடுங்குளிரில் ஆற்றின் மேலேயே பனிச்சாலை. இடைப்பட்ட வாரங்களில், அதாவது பனி உடையும்போதும் உறையத் தொடங்கும்போதும், மிதவை ஊர்திகளை (காற்று மெத்தையில் மிதந்து செல்பவை) மட்டுமே நம்ப வேண்டும். பயணத்தேதியை இந்த வாரங்களில் வைக்காதீர்கள். யாகுத்ஸ்கிலிருந்து நீரோட்டத்துக்கு எதிராகப் படகில் போனால் வலது கரையில் 'லேனா தூண்கள்' வரும்: சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்ப்ரியன் காலச் சுண்ணாம்புப் பாறைகள், 2012 முதல் உலக மரபுச் சின்னம். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்கே என் வாக்கு.

யாகுத்ஸ்கைத் தாண்டி வடக்கே ஆல்தான், வில்யுய் ஆறுகளும் சேர, லேனாவின் அகலம் பல கிலோமீட்டராகிறது. ஸ்தோல்ப் தீவருகே டெல்டா விரிகிறது. பரப்பு சுமார் 30,000 சதுர கிலோமீட்டர். அதிக நீர் த்ரோஃபீமவ்ஸ்கயா கிளையில் போனாலும், கப்பல்கள் பீகவ்ஸ்கயா கிளை வழியாகவே திக்ஸி துறைமுகத்தை அடைகின்றன. திக்ஸி எல்லைக் கட்டுப்பாட்டு மண்டலம். வெளிநாட்டவருக்கு முன்னனுமதி வேண்டும். அது கைக்கு வந்தபிறகே சீட்டு எடுங்கள்.