அம்மாவைப் பார்த்துக்கொள்ள ‘செக்-இன்’: கலிஃபோர்னியாவில் என் அனுபவம்

அம்மா ஃப்ரீமான்ட்டில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தார். என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு குளிக்க, சமைக்க, டாக்டரிடம் போக, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்கு கலிஃபோர்னியாவில் மெடி-கால் என்று பெயர். அது அம்மாவுக்கு இருந்ததால், வீட்டிலேயே பராமரிக்க அரசு சம்பளம் தரும் ஐ.எச்.எஸ்.எஸ். திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். இதில் பெற்ற பிள்ளையே பராமரிப்பாளராகப் பதிந்து மணிக்கணக்கில் சம்பளம் வாங்கலாம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, குளியலுக்கு இவ்வளவு நேரம், சமையலுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார். எனக்கு அறிமுக வகுப்பு, கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு. அதெல்லாம் பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

என்னைக் கலங்கடித்தது இ.வி.வி. எனப்படும் மின்னணு வருகைப் பதிவுதான். “இனிமே நீ எங்க போனாலும் கவர்ன்மென்ட்டுக்குத் தெரியும்” என்றார் தெரிந்த அக்கா ஒருவர். பயந்துபோய் உட்கார்ந்து படித்தேன். 2016இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய க்யூர்ஸ் சட்டத்தில் இது வருகிறது. மெடிகெய்ட் பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்புக்கு ஆறு விஷயங்கள் மின்னணு முறையில் பதிவாக வேண்டும்: என்ன சேவை, யாருக்கு, யார் செய்தார், எந்தத் தேதி, எந்த இடம், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. செய்யாத மாநிலத்துக்கு மத்திய அரசு தரும் பணம் குறையும். கலிஃபோர்னியாவில் இடத்தைப் பொறுத்தவரை, முதலில் டைம்ஷீட்டில், அதாவது வேலை நேரப் பதிவில், வீடா வெளியிடமா என்று நாமே குறித்தால் போதும் என்றிருந்தது. 2023 ஜூலையிலிருந்து, சேர்ந்து வசிக்காத பராமரிப்பாளர் வேலை தொடங்கும்போது செக்-இன், முடியும்போது செக்-அவுட் என்று மின்னணு முறையில் பதிய வேண்டும். இருப்பிடமும் அப்போது பதிவாகும். அந்த இரண்டு நேரத்தில் மட்டும்தான். நடுவில் நான் எங்கே போகிறேன் என்று யாரும் பின்தொடர்வதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

காலையில் கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றுமுன் போனை எடுப்பேன். ‘வீடு’ என்று தேர்ந்தெடுத்து அழுத்தினால் சரி. ஒரு நாள் அம்மா குளியலறையில் கால் வழுக்கி, சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி நின்று என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். போன் பையிலேயே கிடந்தது. நினைவு வந்தபோது மணி பதினொன்று. அன்றைய சம்பளம் போச்சு என்றே நினைத்தேன். போகவில்லை. டைம்ஷீட்டைச் சமர்ப்பிக்கும் முன் அந்த நாளின் தொடக்க நேரத்தை நாமே திருத்தலாம். மறந்துவிட்டால் பதற வேண்டாம், அன்றைய நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நாளில் கிளினிக்கிலேயே வேலை முடிந்தால், அங்கிருந்தே ‘வெளியிடம்’ என்று போட்டு செக்-அவுட் செய்யலாம். அதுவும் வேலைதான்.

உண்மையில் என்னைச் சோர வைத்தது ஒப்புதல். மாதத்துக்கு இரண்டு டைம்ஷீட்: 15ஆம் தேதி வரை ஒன்று, மாதக் கடைசி வரை ஒன்று. நான் அனுப்பியதை அம்மா ஒப்புக்கொண்டால்தான் பணம் வரும். ஆன்லைனிலும் செய்யலாம், தொலைபேசியிலும் செய்யலாம். ஆனால் அந்தக் குரல் ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், ஆர்மீனியன் பேசும், தமிழ் பேசாது. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு அம்மாவே அழுத்துவார். அவருக்காக நான் அழுத்தியிருக்கலாம், ஆனால் செய்யவில்லை. என் வேலை சரியாக நடந்ததா என்று சொல்லும் உரிமை அவருடையது.

அப்புறம் அம்மாவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். சேர்ந்து வசிப்பவருக்கு செக்-இன், செக்-அவுட் கிடையாது. ஆனால் அது தானாக நடக்காது, எஸ்.ஓ.சி. 2298 என்ற சுய உறுதிப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அதே படிவத்தால் அந்தச் சம்பளத்துக்கு மத்திய வருமான வரி விலக்கும் கிடைக்கிறது. வீடு மாறிய அன்றே முகவரியையும் மாற்றி, படிவத்தையும் அனுப்பிவிடுங்கள். அது பதிவாகும்வரை வழக்கம்போல செக்-இன் செய்துகொண்டே இருங்கள். டைம்ஷீட்டும் அம்மாவின் ஒப்புதலும் இப்போதும் உண்டு. அந்த அட்டையைப் புது வீட்டிலும் ஒட்டியிருக்கிறேன்.