எடை குறைந்தவர்கள் ஏன் ஓடினார்கள்?

'வாயைக் கட்டினால் உடம்பு தானாக இளைக்கும்' என்று அறிவுரை சொல்லும் சித்தப்பாக்கள் எல்லாக் கல்யாண வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இது.

1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில், மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி எடைக்குறைப்புத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். பாதியில் நின்றவர்களில் பலர், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள்! ஜெயிக்கிறவர் ஏன் ஓட வேண்டும்?

அழைத்துப் பேசினார். ஒரு பெண்ணிடம் கேள்வி வாய்தவறியது. முதல் உடலுறவின்போது என்ன வயது என்று கேட்க வேண்டியவர், என்ன எடை என்று கேட்டுவிட்டார். 40 பவுண்டு என்று பதில் வந்தது. ஏறத்தாழ 18 கிலோ. அப்போது அவருக்கு நான்கு வயது, செய்தவர் தந்தை.

பிறகு இதே கதை வேறு வேறு வாய்களிலிருந்து வந்தது. வல்லுறவுக்கு ஆளான ஓராண்டுக்குள் 105 பவுண்டு ஏறிய ஒருவர், பருத்திருந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம், தனக்கு அதுதான் தேவை என்றார். மருத்துவர் நோய் என்று பார்த்தது அவருக்குக் கவசம். அதைக் கழற்றச் சொன்னால் ஓடத்தானே செய்வார்?

எல்லாப் பருமனுக்கும் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் பட்டினி கிடந்து உடலைக் கரைப்பவர்களிடமும், கட்டுப்பாடில்லாமல் உண்டு பின் வெட்கப்படுபவர்களிடமும் சிறுவயதுக் கொடுமைகள் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்படுகின்றன.

1990இல் அட்லாண்டா மாநாட்டில் ஃபெலிட்டி இதைச் சொன்னபோது, தோற்ற வாழ்க்கைக்குச் சாக்காக நோயாளிகள் கட்டிய கதை என்று ஒருவர் எழுந்து சொன்னாராம். நம் சித்தப்பா அங்கேயும் போயிருக்கிறார். ஃபெலிட்டி விடவில்லை. சிறுவயதுக் கொடுமைகளைப் பற்றி 17,000க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்த ஆய்வின் முதல் கட்டுரை 1998இல் வெளிவந்தது.