செல்லுலோஸ் ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு: தண்ணீர் மேல் ஒரு கண் வையுங்கள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக அயனித் திரவத்தில் (குறைந்த வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு) செல்லுலோஸை, அதாவது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகளாலான தாவர நார்ப்பொருளைக் கரைத்து, குளுக்கோஸாக உடைக்கும் வேலையைச் செய்தேன். இதே தலைப்பை எடுக்கப் போகிறவர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது: கரைப்பது வேறு, உடைப்பது வேறு. கரைக்கும்போது சங்கிலிகளை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன, அவ்வளவுதான். உடைக்கும்போதுதான் குளுக்கோஸ் அலகுகளைக் கோத்திருக்கும் பீட்டா-1,4 பிணைப்பு அறுகிறது. வைவாவில் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டு கட்டத்திலும் தண்ணீரின் வேலை நேர் எதிரானது. 2002-இல் ராபின் ராஜர்ஸ் குழுவினர், பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் குளோரைடு என்ற அயனித் திரவத்தில் 100 டிகிரி செல்சியஸில் 10 சதவீதம் செல்லுலோஸ் கரைவதைக் காட்டினார்கள். குளோரைடு அயனிதான் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளைப் பிடித்துச் சங்கிலிகளைப் பிரிக்கிறது. தண்ணீர் 1 சதவீதத்தைத் தாண்டினாலே குளோரைடு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, செல்லுலோஸை விட்டுவிடும். இந்த உப்போ காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதனால் கரைப்பான், செல்லுலோஸ் இரண்டையும் வெற்றிட ஓவனில் உலர்த்திய பிறகே ஆரம்பியுங்கள்.

உடைக்கும்போது ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு தேவை. அது போதாவிட்டால் குளுக்கோஸ் மேலும் சிதைந்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரலாக மாறும், கலவை பழுப்பாகிவிடும். பைண்டர், ரெயின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2010-இல் அமில வினையூக்கியோடு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கிட்டத்தட்ட 90 சதவீத குளுக்கோஸ் எடுத்தார்கள். அந்தக் கட்டுரையை வரி விடாமல் படியுங்கள். எனக்கு இந்தத் துறையே பிடித்துப்போனது அதைப் படித்த பிறகுதான்.

சரி, கைவேலைக்கு வருவோம். உப்புமாவுக்கு ரவை தூவுவது போலச் செல்லுலோஸ் பொடியைக் கிளறிக்கொண்டே தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் கூழாகி, உள்ளே காய்ந்த கட்டி நின்றுவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். முனைவாக்க நுண்ணோக்கியில் பாருங்கள்; மினுங்கும் புள்ளிகள் இருந்தால் கரையாத படிகம் இன்னும் இருக்கிறது.

"இதில் பசுமை எங்கே?", அதாவது இந்த முறை சுற்றுச்சூழலுக்கு எப்படி நல்லது என்று வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். அயனித் திரவம் ஆவியாகாது என்பது மட்டும் பதிலாகாது. நீள ஆல்கைல் சங்கிலி கொண்ட இமிடசோலியம் உப்புகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கரைப்பானை எவ்வளவு மீட்டீர்கள் என்ற கணக்கைக் கையில் வைத்திருங்கள். செல்லுலோஸைக் கரைத்து இழையாக்கும் லயோசெல் ஆலைகளில் கரைப்பான் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. பேச்சு அந்த அளவுகோலில்தான் நடக்கும். வூஹான் பல்கலைக்கழகத்தில் ஜாங் லீனா உருவாக்கிய முறையையும் சேர்த்துப் படியுங்கள்: 7 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, 12 சதவீத யூரியா, மைனஸ் 12 டிகிரிக்குக் குளிர்வித்த கரைசல். விலை மலிவு, நிமிடங்களில் கரைக்கும். கரைப்பது மட்டுமே நோக்கம் என்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

அப்புறம், சர்க்கரையை நிற மாற்றத்தால் அளக்கும் டிஎன்எஸ் சோதனை குளுக்கோஸை மட்டும் காட்டாது, எல்லா ஒடுக்கும் சர்க்கரையையும் சேர்த்தே காட்டும். ஒவ்வொரு சர்க்கரையையும் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி கிடைத்தால் அதிலும் ஓட்டிப் பாருங்கள். டிஎன்எஸ்ஸுக்கு வைக்கும் பிளாங்கில் (சர்க்கரை இல்லாத ஒப்பீட்டு மாதிரி) அதே அளவு அயனித் திரவம் கட்டாயம் இருக்கட்டும்.