6 என்று எழுதிய நாள்

இறுதியாண்டில் மூன்று மாதம் என் வலக்கை விரல்கள் மஞ்சளாகவே இருந்தன. எஃகுத் துண்டுகளை அரிக்க எடுத்த பிக்ரிக் அமிலம், கையுறையையும் மீறி ஒட்டிய கறை. காய்ந்தால் வெடிக்கும் பொருள் அது. புட்டியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆசிரியர் எங்களை ஆய்வுக்கூடத்துக்குள் விடுவார்.

உலைச் சூட்டில் எஃகு ஆஸ்டனைட் என்ற வடிவத்துக்கு மாறும், அதன் மணிகள், அதாவது நுண்ணிய படிகங்கள், வளரும். அதை நாங்கள் நேரில் பார்க்க வழியில்லை. துண்டைச் சட்டென்று தண்ணீரில் போட்டால் எல்லாம் மார்ட்டென்சைட் என்ற கடினமான வடிவமாக மாறிவிடும், ஆனால் பழைய மணிகளின் எல்லைத் தடம் நிற்கும். கண்ணாடி போல மெருகேற்றி, சோப்புத் திரவம் கலந்த பிக்ரிக் கரைசலில் வைத்தால், சாம்பல் பரப்பில் கரிய வலை மெல்ல எழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அலுமினியம் சேர்த்த எஃகு. 900, 1000, 1100 டிகிரி செல்சியஸ், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். முதல் இரண்டிலும் மணி அளவைக் குறிக்கும் எண் 8; எண் கூடினால் மணி சிறிது. அதாவது 100 மடங்கு பெருக்கத்தில் சதுர அங்குலத்துக்கு 128 மணிகள். மூன்றாவதில் அதே பொடி மணிகளுக்கு நடுவே பூதம் பூதமாகச் சில. அவற்றின் எண் 3, சதுர அங்குலத்துக்கு வெறும் 4. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டு 6 என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினார். "தம்பி, இதில் 6 எங்கே இருக்கு? காட்டு."

எவ்வளவு தேடியும் ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் விளக்கினார். அலுமினியம் நைட்ரைடுத் துகள்கள் மணி எல்லைகளை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். சூடு கூடக்கூட அவை கரையும். எங்கே பிடி முதலில் விடுகிறதோ, அங்குள்ள மணி அக்கம்பக்கத்தை விழுங்கிப் பெரிதாகும். அப்படிப்பட்ட எஃகுக்கு இரண்டு எண்களையும் எழுத வேண்டும், எது எவ்வளவு பரப்பில் என்பதையும் சொல்ல வேண்டும். சரி என்று கட்டம் போட்டு மறுபடி எண்ணினேன். இரவாகிவிட்டது.

இன்று உலைக்குள் இருக்கும்போதே, லேசரால் ஒலியலை எழுப்பி, அது தேயும் அளவிலிருந்து மணி அளவைக் கணிக்கிறார்கள். அற்புதமான வேலை, நானும் அதில் ஈடுபட்டிருக்கிறேன். ஆனால் திரையில் ஒரே எண் வந்ததும் துண்டை வெட்டி மெருகேற்றிப் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 6 அடிக்கப்பட்டு, பக்கத்தில் அவர் கையெழுத்தில்: 8, 3.