குழந்தைகள் இல்லத்துக்கு விருந்தாளிகள் வேண்டாம்

ஜெர்மனியிலிருந்து வரும் இளைஞர்களைத் தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்களில் ஓராண்டுப் பணிக்குச் சேர்த்துவிடுவதும், நம் இளைஞர்களை அங்கே அனுப்பிவைப்பதும் என் வேலை. ஜெர்மன் அரசின் ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டம் 2008-இல் தொடங்கியபோது பயணம் ஒருவழிப் பயணம்தான். 2013 முதல்தான் இங்கிருந்தும் அங்கே போக வழி பிறந்தது. வெளியூரில் ஓர் இரவுகூடத் தனியாகத் தங்கியிராத பெண், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள் பேச்சில் வந்திருக்கும் தெளிவைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பரிமாற்றத்தின் மேல் எனக்குள்ள பிடிப்பு அப்படி வந்ததுதான். அந்தப் பிடிப்போடுதான் சொல்கிறேன்: ஆதரவற்ற குழந்தைகள் தங்கியிருக்கும் இல்லங்களில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் தன்னார்வலர்களை அனுப்பக் கூடாது.

இல்லத்து வாசலில் வேன் வந்து நின்றதும் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். நான்கு வயதுக் குழந்தை ஒன்று ஓடிவரும். முன்பின் பார்த்திராத வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளும், தூக்கச் சொல்லும், தூக்கியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். வந்தவளுக்குக் கண் கலங்கிவிடும். சமையலறை வாசலில் ஆயா நின்றுகொண்டிருப்பார். தினமும் அந்தக் குழந்தைக்குத் தலைவாரிவிடுபவர் அவர்தான். குழந்தை அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

வருகிறவர்கள் இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாயின் மடியில் வளரும் நான்கு வயதுக் குழந்தை புது ஆளைக் கண்டால் புடவைத் தலைப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் விடப்பட்டிருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அன்னியரிடம் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்வது, அந்த ஆய்வாளர்கள் கவலையோடு பதிவுசெய்த அடையாளங்களில் ஒன்று. நிலையாக ஒருவர் உடன் இல்லாததால் வரும் குறை அது. யார் கூப்பிட்டாலும் போய்விடும் குழந்தையைக் கெட்ட எண்ணத்தோடு வருகிறவனும் கூப்பிடலாம். நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களும் ஓராண்டு முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறார்கள். அடுத்த குழு வரும்வரை, “அந்த அக்கா எப்போது வருவார்கள்?” என்ற கேள்விக்கு ஆயாதான் பதில் சொல்ல வேண்டும்.

புகைப்பட விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஜெர்மனியில் மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லப்படுவதே, பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் எந்தக் குழந்தையையும் படம் எடுக்கக் கூடாது என்பதுதான். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் முதல் நாளே கைப்பேசியை எடுக்கிறார்கள். இங்கேயும் சட்டம் இருக்கிறது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி பெயரையோ படத்தையோ வெளியிட்டால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதை எடுத்துச் சொல்ல வேண்டிய இல்ல நிர்வாகிகளே குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, “கொஞ்சம் சிரிங்க” என்கிறார்கள்.

அவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். விருந்தாளியிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பது நமக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. கடல் கடந்து உதவி செய்ய வந்தவரை, “குழந்தையோடு அறையில் தனியாக இருக்கக் கூடாது” என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. ஆனால் தன் நாட்டில் குழந்தைகளோடு வேலை செய்ய இதே சான்றை அவர் முகம் சுளிக்காமல் கொடுத்திருப்பார். பயிற்சியில் இதைச் சொன்னால் பெரும்பாலோர் மனதார ஒப்புக்கொள்கிறார்கள். சந்தேகம் எழுந்தாலே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்வதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அன்றே அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இங்கிருந்து போகும் நம் பெண்களுக்கும் இதே கவனம் வேண்டும். அன்னிய ஊரில், அன்னியர் வீட்டில் தங்கும் 19 வயதுப் பெண்ணுக்கு, அந்த வீட்டாரோடு தொடர்பில்லாத ஒருவரின் தொலைபேசி எண் கையில் இருந்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பணம். விருந்தாளி வந்தால் நன்கொடை வரும். நன்கொடை வர வேண்டுமென்றால் இல்லத்தில் குழந்தைகள் இருக்க வேண்டும். குழந்தைகள் இல்லங்களில் தன்னார்வப் பணி என்ற பெயரில் நடப்பவற்றால் விளையும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானமே நிறைவேற்றியது. இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிருடன்தான் இருக்கிறார்கள். கணவன் விட்டுப்போன தாய், கட்டட வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கொண்டுவந்து விட்டிருப்பார்.

பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க, அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஒன்றிய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களில் 96,000. நாங்கள் தன்னார்வலர்களை அனுப்பும் இல்லம் ஒன்றில் இந்த ஆண்டு அவர்களுக்குக் குழந்தைகளோடு வேலை இல்லை. பணியாளர்களுக்கு ஆங்கிலமும் கணினியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாலையில் ஆயாக்களிடம் தமிழ் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் சமூகப் பணியாளர் தாய்மார்களைத் தேடிப்பிடித்து, வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அழைத்துப் போகிறார். சான்று கிடைத்தவர்களின் விண்ணப்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்விட்டன. நன்கொடை குறைந்துவிட்டது என்று அந்த இல்லத்தின் நிர்வாகி போனவாரமும் வருத்தப்பட்டார். இரண்டு பிள்ளைகள் மே மாத விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது பெட்டியோடு போகப்போகிறார்கள் என்பதையும் அவரே சொன்னார்.